மரமேறிய மனிதர்!

2021-ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்களின் கடைசி வாரம். புதுவைக்கு மேற்கே, வில்லியனூரை அடுத்த ஒரு சிற்றூர். நலவழித்துறையினர் வீடு வீடாகச் சென்று கொரோனா தடுப்பூசி போட்டு வந்தனர். கண்டார் ஒருவர், கண்டதும் ஓடினார், ஓடியவர் மரத்தின்மேல் ஏறி அமர்ந்துகொண்டார். கீழே, ஊசியும் கையுமாகச் செவிலியர்! மேலே, கிளையைப் பற்றியபடி நாற்பது வயது மனிதர்! அதே ஊரில் மூதாட்டி ஒருவர், ஊசிக்காரர்கள் தம்மை நெருங்கியதும் சாமி வந்தவர்போல் ஆடத் தொடங்கினார். காட்சிகள் கைப்பேசிகளில் ஏறின, நாடெங்கும் பரவின. நாடு சிரித்தது.

நாமும் சிரித்தோம். "பாவேந்தர் பிறந்த மண்ணிலா இந்தப் பேதைமை!" என்று நாணினோம். நாணம் நாழிகையில் சினமாயிற்று. "இவர்களுக்கு நோய் வந்தால் மருத்துவமனையில் இடம் தரலாகாது" என்றார் ஒருவர். "குடும்ப அட்டையைப் பிடுங்குங்கள்" என்றார் மற்றொருவர். அறிவின் பக்கம் நிற்பவர் நாம் என்ற எண்ணம் நமக்கு இருந்ததால், அந்தச் சினமும் அறிவின் குரலே என்று எண்ணிக்கொண்டோம்.

அதே எண்ணத்தோடுதான் அன்று நான் என் சித்தப்பாவின் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். அவரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்!

எங்கள் தெருப் படிப்பகத்தை நாற்பதாண்டுகள் கட்டிக் காத்தவர் அவர். சோதிடம் பொய் என்று ஊருக்கு உரைத்தவர். தம் மகளின் திருமணத்தை நாளும் கோளும் பாராமல், நள்ளிரவு கழிந்து ஒரு மணிக்கு நடத்திக் காட்டியவர். பேய்க்கு அஞ்சிய சிறுவனான என்னைக் கைப்பிடித்துச் சுடுகாட்டு வழியே அழைத்துப் போய், "பார்த்தாயா, ஒன்றுமில்லை" என்று சொன்னவர். அந்தப் பகுத்தறிவாளரா ஊசிக்கு அஞ்சினார்? கேட்டேன், கொஞ்சம் ஏளனத்தோடு. அவர் சொன்ன விடை என்னை வாயடைக்கச் செய்தது:

"என்னை ஏனப்பா மரமேறியவனோடு சேர்க்கிறாய்? சாத்திரம் சொல்கிறது என்றால் நம்பாதே, பெரியவர் சொன்னார் என்றால் நம்பாதே, உன் அறிவைக் கேள் என்று உனக்குச் சொல்லித் தந்தவன் நான். இன்று நீ வந்து, டாக்டர் சொல்கிறார், நம்புங்கள் என்கிறாய். அர்ச்சகரை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் டாக்டரை உட்கார வைப்பதற்குப் பெயரா பகுத்தறிவு?"

தோழர்களே! இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். தடுப்பூசியை எதிர்ப்பவர் அனைவரும் சாமியாடுகிறவர் அல்லர். நாம் வடித்த வாளையே எடுத்து நம்மேல் வீசுகிறவரும் அவர்களில் உண்டு. "எதையும் ஐயுறு" என்று ஊரெங்கும் முழங்கிவிட்டு, ஊசியை மட்டும் ஐயுறாதே என்று எப்படிச் சொல்வது?

விடை தேடிப் பின்னோக்கிப் போனேன். போன இடத்தில் எதிர்ப்பட்டவர் வேறு யாருமல்லர், ஆச்சாரியார்!

காசநோயைத் தடுக்க பி.சி.ஜி. ஊசியைச் சென்னை மாநிலமெங்கும் குழந்தைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம். 1955-ல் அதை எதிர்த்து எழுதினார், பேசினார், தனி நூலே வெளியிட்டார் இராசகோபாலாச்சாரியார். கவர்னர் ஜெனரலாக இருந்தவர். மாநிலத்தின் முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கி ஓராண்டே ஆனவர். நலமாயிருக்கும் குழந்தையின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவதா என்பது அவர் எழுப்பிய கேள்வி. குலக்கல்வித் திட்டத்தால் தமிழகத்தைக் கொதிக்க வைத்தவர் அவர் என்பதற்காக, அவர் கேட்டது மடமை என்று நாம் முடிவு கட்டிவிடலாமா? கூடாது. யார் சொன்னார் என்று பாராமல் மெய் எது என்று காண்பதே அறிவு என்ற வள்ளுவர் நெறி, நமக்கு வேண்டாதவர் பேசும்போதும் பொருந்த வேண்டும்.

அந்தக் கேள்விக்கு விடை எங்கே கிடைத்தது? மேடையிலா? வசைமொழியிலா? செங்கற்பட்டுச் சீமையின் சிற்றூர்களில்! 1968-ல் தொடங்கி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் கைகோத்து, ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்களிடையே ஆய்வு நடத்தின. ஒரு பகுதியினருக்கு மெய்யான ஊசி. மற்றொரு பகுதியினருக்கு மருந்தில்லா ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர், எண்ணினர், ஒப்பிட்டனர். 1979-ல் முடிவு வெளிவந்தது. வளர்ந்தவரின் நுரையீரற் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை! அதே வேளையில், பச்சிளங் குழந்தைகளை மூளைக்காய்ச்சலாய் வந்து கொல்லும் கொடிய காசத்திலிருந்து அது காக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அது போடப்படுகிறது.

இங்கேதான் சித்தப்பாவுக்கு என் முதல் விடை இருக்கிறது. ஊசி பயன்படும் என்று நம்பி, ஊர் ஊராய்ப் போட்டவர்களே, "நாங்கள் நினைத்த அளவு பயன்படவில்லை" என்று உலகறியச் சொன்னார்கள். எந்தக் கோயில் குருக்கள், "நான் செய்த யாகம் பலிக்கவில்லை, கணக்குப் பார்த்தேன், இதோ கணக்கு" என்று ஊர்கூட்டிச் சொன்னார்? எந்தச் சோதிடர் தாம் கணித்த ஆயிரம் சாதகங்களை அடுக்கி, தவறியவை இத்தனை என்று எழுதி ஒட்டினார்? டாக்டரை நாம் நம்புவது அவர் வெள்ளைச் சட்டைக்காக அன்று. அவர் பிழைத்தால், அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கும் கருவி அவருடைய துறைக்குள்ளேயே இருக்கிறது. நம்பிக்கை ஆளின்மேல் அன்று, அந்த முறையின்மேல்!

ஐயம் இருவகைப்படும், தோழர்களே! ஒன்று, விடை தேடி நடக்கும் ஐயம். அது "எப்படித் தெரியும்?" என்று கேட்கும், விடை வந்தால் தன்னைத் திருத்திக்கொள்ளும். மற்றொன்று, விடைக்கு அஞ்சி ஓடும் ஐயம். ஒரு விடை கிடைத்தால் அடுத்த கிளைக்குத் தாவும். மரமேறிய மனிதர் ஒருவரைத்தான் நாம் பார்த்தோம். நாற்காலியில் அமர்ந்தபடியே மரமேறியவர் எத்தனை பேர்!

சித்தப்பாவின் கைப்பேசியில் ஒரு செய்தி இருந்தது. பிரெஞ்சு நாட்டு நோபல் அறிஞர் லூக் மொந்தாஞ்ஞே சொன்னாராம்: ஊசி போட்டுக்கொண்டவர் அனைவரும் இரண்டே ஆண்டில் இறப்பாராம்! 2021 மே மாதம் நாடெங்கும் சுற்றிய செய்தி அது. அறிஞர் மெய்யானவர், எய்ட்சு கிருமியைக் கண்டறிந்தமைக்காக 2008-ல் நோபல் பரிசு பெற்றவர். ஊசியைக் குறை கூறியவர் என்பதும் உண்மை. ஆனால் அந்த இரண்டாண்டு மரணத் தீர்ப்பு அவர் சொன்னதன்று. அவர் வாயில் பிறர் திணித்தது. அர்ச்சகரை எழுப்பிய இடத்தில் டாக்டரை அமர்த்தலாகாது என்று கேட்ட என் சித்தப்பா, அதே இடத்தில் ஒரு நோபல் பரிசை அமர்த்திவிட்டார்! இரண்டாண்டு கழிந்தது; மேலும் ஆண்டுகள் கழிந்தன. ஊசி போட்டுக்கொண்ட கோடானுகோடிப் பேர் உழுகிறார்கள், நெய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். அந்தச் செய்தியை அனுப்பியவர் எவராவது திரும்பி வந்து, "பிழை செய்தேன், பொறுத்தருள்க" என்றாரா? இல்லை. வதந்திக்குத் தன் பிழையைத் திருத்தும் பழக்கம் இல்லை. செங்கற்பட்டுக்கும் கைப்பேசிச் செய்திக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

சித்தப்பா அடுத்த வாதத்தை எடுத்தார்: "என் உடல், என் உரிமை!"

உயர்ந்த வாதம். தன்மான இயக்கம் ஊட்டிய வாதம். இதை நாம் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் ஒன்றை எண்ண வேண்டும். தட்டம்மை கண்ட ஒரு குழந்தை, தடுப்பாற்றல் இல்லாதவர் நடுவே இருந்தால், பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதைத் தரக்கூடும். நம் நாட்டு முறைப்படி அந்த ஊசியின் முதல் தவணை ஒன்பது மாதம் நிரம்பிய பிறகே போடப்படுகிறது. தொட்டிலில் கிடக்கும் ஐந்து மாதக் குழந்தைக்கு யார் காவல்? புற்றுநோய்க்கு மருந்துண்ணும், ஊசி ஏற்கும் வலுவில்லாத சிறுமிக்கு யார் காவல்? சுற்றியுள்ளவர் உடல்களே அவர்களுக்கு மதில். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரேனும் காப்புப் பெற்றிருந்தால்தான் அந்த மதில் நிற்கும். என் உடல் என்னுடையதே. ஆயினும் அது மற்றொருவர் வீட்டுச் சுவராகவும் இருக்கிறது. கொரோனா ஊசி பரவலை முற்றும் தடுக்கவில்லை. கடுநோயையும் சாவையுமே பெரிதும் குறைத்தது. ஆகவே இந்த வாதத்தின் வலு எல்லா நோய்க்கும் ஒன்றாக இராது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

சரி, வாதத்தில் வென்றோம் என்றே வைத்துக்கொள்வோம். வாதத்தில் தோற்றவர் கையை நீட்டிவிடுவாரா? மாட்டார். அப்போதுதான் இரண்டு ஆசைகள் நம்மை இழுக்கின்றன. ஒன்று, நல்லதற்காகப் பொய் சொல்லலாமே என்ற ஆசை. மற்றொன்று, கையைப் பிடித்து முறுக்கலாமே என்ற ஆசை.

முதல் ஆசைக்கு நம் மண்ணிலேயே வரலாறு உண்டு. 1796-ல் ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர், மாட்டம்மைப் பாலை மனிதருக்கு ஏற்றி வைசூரியைத் தடுக்கும் வழி கண்டார். 1802-ல் அது பம்பாய் வந்து சேர்ந்தது. சென்னைக்கும் வந்தது. மக்கள் மருண்டனர். வைசூரி அவர்களுக்கு நோயன்று, மாரியம்மையின் வருகை. அவளைத் தடுக்க ஊசியா என்று நடுங்கினர். அப்போது சென்னையின் கலெக்டராயிருந்தவர் எல்லிஸ் துரை. திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816-லேயே எடுத்துரைத்தவர். குறளுக்கு உரை கண்டவர். நாம் நன்றியோடு நினைக்க வேண்டியவர். அவர் என்ன செய்தார்? சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதுபோல் தமிழில் ஒரு கதை புனைந்தார். மாட்டம்மை பசுவின் வழியே தேவி தந்த அருட்கொடை, அதை ஏற்பது அவளுக்கு உகப்பானது என்பது அதன் கருத்து. நோக்கம் நல்லது. மக்கள் சாகக் கூடாதே என்ற பரிவு.

கதை அதோடு நிற்கவில்லை. 1819-ல் 'மெட்ராஸ் கூரியர்' ஏட்டில், கல்வியை விரும்புகிறவன் என்று பொருள்படும் புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. மாட்டம்மை குத்தும் முறை தன்வந்திரியின் பெயரால் வழங்கும் பழைய வடமொழி நூலிலேயே இருக்கிறது என்றது அது. ஐரோப்பிய ஏடுகள் அதை எடுத்தாண்டன; நூல்கள் வழிமொழிந்தன. அது மெய்யான சான்று அன்று என்று ஆய்வாளர் டொமினிக் வுஜாஸ்டிக் 1987-ல் விரிவாக எடுத்துக் காட்டும்வரை, "ஊசியும் எங்கள் சாத்திரத்தில் இருந்ததே!" என்ற பெருமை நூற்றாண்டைக் கடந்து உலா வந்தது.

விளைவைக் கவனியுங்கள்! எல்லாம் முன்னோர் அறிந்ததே என்ற நம்பிக்கையைக் கொண்டு ஊசியை விற்றார்கள். இன்று அதே நம்பிக்கையைக் கொண்டுதான், "முன்னோர் தந்த மஞ்சளும் வேம்பும் இருக்க ஊசி எதற்கு?" என்று கேட்கிறார்கள். பொய் கொண்டு அறுத்த விளைச்சலை, அதே பொய் தின்கிறது.

குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் சொல்லியிருக்கிறாரே என்பீர்கள். சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் வெறும் நன்மை என்று சொல்லி விட்டுவிடவில்லை; குற்றம் நீங்கிய நன்மை என்று வேலி கட்டினார். ஒரு மனிதனின் இன்றைய உயிரைக் காத்து, நாளை அவன் சிந்திக்கும் ஆற்றலை ஊனமாக்கும் நன்மை, குற்றம் நீங்கிய நன்மையா? எல்லிஸ் துரையின் பரிவுக்குத் தலைவணங்குவோம், வழியைப் பின்பற்றோம்.

வைசூரி எப்படித்தான் ஒழிந்தது? அது இருபதாம் நூற்றாண்டில் மட்டும் முப்பது கோடிப் பேரைத் தின்றது என்பர். இந்தியாவில் கடைசி நோயாளி 1975-ல். உலகிலேயே அந்நோய் ஒழிந்ததென 1980 மே 8-ல் அறிவிக்கப்பட்டது. இன்றும் மாரியம்மன் கோயில் இருக்கிறது, ஆடித் திருவிழா இருக்கிறது, கூழ் இருக்கிறது. வைசூரி மட்டும் இல்லை. வாசலில் வேப்பிலை செருகி, வெளியார் வரவை நிறுத்திய தாய்மாரின் எச்சரிக்கையில் ஓர் அறிவு இருந்தது. அதை இகழ மாட்டேன். ஆனால் நோயை ஒழித்தது ஊசி.

ஒழித்த கதையிலும் ஒரு கறை உண்டு. 1973-க்கும் 1975-க்கும் இடையே, வட இந்தியாவிலும் வங்கதேசத்திலும் சில இடங்களில் இரவில் கதவை உடைத்து நுழைந்து, திமிறியவரை அழுத்திப் பிடித்து ஊசி போட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் பால் கிரீனோ 1995-ல் எழுதினார். இதுதான் இரண்டாவது ஆசை. நம் புதுவையும் அதன் வாசலில் நின்றது. 2021 டிசம்பர் 4-ஆம் நாள், 1973-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், கொரோனா தடுப்பூசி கட்டாயம், மறுப்போர்மேல் நடவடிக்கை என்று ஆணை பிறந்தது. அந்த மாதக் கடைசியில்தான் அவர் மரமேறினார்! 2022 மே 2-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவுபடுத்திற்று: எவரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, பொதுநலம் கருதி அளவான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம், ஊசியால் நேரும் தீய விளைவுகளின் விவரத்தை மக்கள் அறிய வெளியிட வேண்டும். மூன்றாவது தொடரை இருமுறை படியுங்கள். மரத்திலிருந்து மனிதரை இறக்கும் ஏணி அதுவே.

ஏனெனில் ஐயத்துக்கு நாமும் உரம் போட்டிருக்கிறோம். ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வதோதராவிலும், 2009-ல், கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் ஊசியைச் சிறுமியருக்குப் போட்டு ஓர் ஆய்வு நடந்தது. ஏழு சிறுமியர் இறந்தனர். அச்சாவுகளுக்கு ஊசி காரணமன்று என்றது விசாரணை. ஆனால் கம்மத்தில் பழங்குடிச் சிறுமியர் பலருக்காக ஒப்புதல் தாளில் கையொப்பமிட்டவர் தாயுமல்லர், தந்தையுமல்லர், விடுதிக் காப்பாளர்கள்! நாடாளுமன்றக் குழு 2013-ல் அதைக் கடிந்துரைத்தது. பள்ளியில் பணிபுரியும் நான் அதைப் படித்தபோது என் கையைப் பார்த்துக்கொண்டேன். ஏழைவீட்டுப் பிள்ளைக்குப் பெற்றோரைக் கேட்க வேண்டாம் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? நெடுங்காலம் சிலருக்காகச் சிலர் முடிவு செய்த அதே மேட்டிமையிலிருந்து!

சினம் கூடாது என்கிறேனா? இல்லை. அதன் இலக்கைத் திருத்தச் சொல்கிறேன். 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர், பன்னிரண்டே குழந்தைகளை வைத்துக்கொண்டு, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் மன இறுக்க நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று எழுதினார். 2010-ல் அந்தக் கட்டுரை விலக்கப்பட்டது. அவர் பெயரும் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அந்தப் பொய்யின் கொள்ளுப்பேரன்கள்தாம் 2017 பிப்ரவரியில், தமிழகத்திலும் புதுவையிலும் தட்டம்மை-ருபெல்லா ஊசி முகாம் நடந்தபோது கைப்பேசிகளில் ஊர்ந்தன, பெற்றோரை நடுங்கவைத்தன. பொய்யை விற்றவன் வேறு. வாங்கி ஏமாந்த தாய் வேறு. அவன்மேல் சினம் கொள்ளுங்கள். அவளிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

ஏமாந்தவர் திருந்துவாரா என்பீர்கள். சோமாலியாவின் மெர்க்கா நகரில், மருத்துவமனைச் சமையற்காரராக இருந்தவர் அலி மாவ் மாலின். ஊசி வலிக்கும் என்றஞ்சி நழுவி வந்தவர். 1977 அக்டோபரில் அவரை வைசூரி பற்றியது. இயற்கையாய்ப் பரவிய வைசூரிக்கு உலகின் கடைசி நோயாளி அவரே! பிழைத்தெழுந்த அவர் பின்னாளில் போலியோ சொட்டு மருந்துப் பணியில் சேர்ந்தார். தயங்கிய தாய்மாரிடம் தம் கதையையே சொன்னார். 2013-ல், அந்தப் பணியில் இருக்கும்போதே மலேரியாவால் மறைந்தார். ஊசிக்கு நழுவியவனை ஊரை விட்டு விலக்கியிருந்தால், ஊசிக்கு அப்படியொரு தூதுவன் கிடைத்திருப்பானா?

என் சித்தப்பா கடைசிவரை கொரோனா ஊசி போட்டுக்கொள்ளவில்லை. சாகவுமில்லை. "பார், இருக்கிறேனே!" என்பார். ஒருவர் தப்பியது சான்றாகாது என்பேன். அவ்வளவில் நின்றது எங்கள் வழக்கு. சென்ற ஆண்டு அவருடைய பேத்திக்கு ஒன்பது மாதம் நிரம்பியது. தட்டம்மை ஊசி போடும் நாள் வந்தது. வேண்டாம் என்றார். மருமகள் அழுதாள். நான் வாதிட்டுத் தோற்றேன்.

செவிலியப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். சட்டம் பேசவில்லை, சாமி பேசவில்லை. "கேளுங்கள் ஐயா" என்றாள். முக்கால் மணிநேரம் கேட்டார், விடை சொன்னாள். பிறகு கேட்காததையும் சொன்னாள்: "ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம் ஐயா; உடம்பில் தடிப்பும் தெரியலாம்; இரண்டொரு நாளில் தணியும். பத்து இலட்சத்தில் ஒன்றிரண்டு குழந்தைக்குக் கடும் ஒவ்வாமை வருவதுண்டு. அதற்காகத்தான் ஊசி போட்டதும் அரை மணிநேரம் இருந்து போகச் சொல்கிறோம். அதற்கு மருந்தும் வைத்திருக்கிறோம்."

மறுநாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நலவழி மையத்துக்கு நடந்தவர் அவரே. எட்டாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல். வீடு கலங்கியது. அவர் கலங்கவில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டபடி என்னிடம் சொன்னார்: "வரும் என்று அந்தப் பெண் முன்னமே சொன்னாளப்பா. சொன்னபடி வந்திருக்கிறது. சொன்னபடி போய்விடும்."

போயிற்று.

நல்ல பொய் ஒன்றைச் சொல்லி, "ஒன்றுமே ஆகாது" என்று அவள் உறுதி கூறியிருந்தால், அந்த எட்டாம் நாள் இரவில் என் சித்தப்பா மீண்டும் மரமேறியிருப்பார். தெருவையே உடன் ஏற்றியிருப்பார். அவளிடம் இருந்த மருந்து புட்டியில் பாதி, வாய்மையில் பாதி. அந்த இரண்டாவது பாதியை நாம் எல்லோரும் வைத்திருக்கிறோம், தோழர்களே! கொடுக்கத்தான் பொறுமை வேண்டும்.